டூப்ளிகேட் என்று பேர் வாங்கிய சிலிண்டர்

மேஸ்திரி பட்டறையக்காவுக்குப் பதினாறாயிரம் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. ஒன்பது வருடம் அந்தக் கடனை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் தலை நிமிர்ந்து நடந்தார். பட்டறை இருந்த தெருவில் மட்டும் நடக்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போனால் மரக்கடைக்கு ஐந்து நிமிடம். அவர் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் போவார். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்பார்.

மேஸ்திரியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவர். அப்பன் விட்டுப்போன சொத்து என்று ஒரு இருமல்கூட இல்லாதவர். ஒரு கோடாலி, ஒரு கயிறு, இரண்டு தோள், இதுதான் முதல். கிளை வெட்டப் போனார், அடிமரம் வெட்டப் போனார், பிறகு ஆள் கூட்டிக்கொண்டு போனார், பிறகு குத்தகை பிடித்தார். நிற்கிற மரத்தைக் கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தாரென்றால் எந்தப் பக்கம் சாயும், எத்தனை லோடு தேறும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். அவர் சாய்த்த மரம் ஒரு வேலியைக்கூடத் தொட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதர் ஒரு பெண்பிள்ளைக்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போனார் என்றால், அதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை.

பட்டறையக்காவின் கதை இன்னொரு மாதிரி. பெரிய ரோட்டில் கம்பெனி மெஷின்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவும், வரிசையாக மாட்டிய செயின் ரம்பங்களுமாக ஜொலிக்கும். அந்தக் கடையில் கூட்டிப் பெருக்கத்தான் அவள் போனாள். பழுதுக்கு வந்த மெஷின்களில் கழற்றிப் போட்டதைப் பின்பக்கம் கொட்டுவார்கள். அதைப் பொறுக்கி, இரும்பு தனி அலுமினியம் தனியாகப் பிரித்து, எடைக்குப் போடுவதும் அவள் வேலை. பிரிக்கப் பிரிக்க அவளுக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒரு சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். அதற்காக ஆயில் பம்பையே கழற்றி வீசியிருப்பார்கள். ஒரு ரப்பர் கிழிந்திருக்கும். அதற்காகக் கார்புரேட்டர் முழுசும் குப்பையில் கிடக்கும். சின்ன சாமான் தனியாக வராது, கம்பெனி செட்டாகத்தான் அனுப்பும் என்று கடைக்காரர் சொல்வார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது கதைக்குச் சொன்ன பழமொழி என்று நினைத்திருந்தவள், அதற்குக் கம்பெனியே விலைப்பட்டியல் போட்டு வைத்திருப்பதை அங்கேதான் பார்த்தாள். ஒரு மெஷினைக் கடையில் முழுசாக வாங்கினால் நாற்பதாயிரம். அதே மெஷினை உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டினால் மூன்று மெஷின் விலைக்கு மேல் போய்விடும்.

கூட்டுவதை விட்டாள். எடைக்குப் போக இருந்ததை எடைக்கே தான் வாங்கினாள். பேருந்து ஓட்டுகிற புருஷன் கொடுத்த பணத்தில் தெருப் பக்கம் ஒரு அறை, இழுத்து மூடுகிற தகரக் கதவு, பழைய கதவுப் பலகையில் ஒரு மேஜை. அவ்வளவுதான் பட்டறை. விடியற்காலை வண்டியை ஓட்டிவிட்டு வந்து, பின் அறையில் அவள் புருஷன் பகல் முழுக்கத் தூங்குவார். முன்னால் மெஷின் காது கிழிய அலறும். அவர் குறட்டை நிற்காது. மெஷின் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து என்ன ஆச்சு என்று கேட்பார்.

மேஸ்திரியின் முதல் மெஷின் அவளிடம் போனது இப்படித்தான். பன்னிரண்டு வருடம் கோடாலி பிடித்த கையில் அந்த மெஷின் முதன்முதலாக உறுமியபோது அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அரை நாள் மரம் பத்து நிமிடத்தில் விழுந்தது. கைப்பிடியில் அரத்தால் தானே இரண்டு வெட்டுப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் காற்று வடிகட்டி கிழிந்து, தூசி உள்ளே போய், இறுகி நின்றுவிட்டது.

அக்கா சிலிண்டரைக் கழற்றினாள். அது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குழல். அதற்குள்தான் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டு, சுவரோடு சுவராக மெதுவாக இழுத்தாள்.

"மேடுதான். பள்ளம் இல்ல" என்றாள்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். பிஸ்டன் உருகி, அதன் உலோகம் சுவரில் பூசிக்கொண்டால் நகம் மேடு ஏறும். அது ஒட்டின அழுக்கு, கழுவினால் போய்விடும். சுவரே கீறிப் போயிருந்தால் நகம் பள்ளத்தில் விழும். அது சாவு, ஒன்றும் செய்ய முடியாது. இது மேடுதான், கழுவி எடுத்துவிடலாம், பிஸ்டன் மட்டும் புதுசு வாங்கினால் போதும், விலை ஐந்தில் ஒரு பங்கு என்றாள்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "கழுவுறதுக்கு இது என்ன பாத்திரமாக்கா? கம்பெனி செட்டு வாங்கிப் போடுங்க. என் மெஷின்ல ஒட்டுப்போட்ட சாமான் ஓடக்கூடாது."

கம்பெனி செட்டு பதினாறாயிரம். கையில் அவ்வளவு இல்லை. மாதக் கடைசியில் தருகிறேன் என்றார். பழைய வேலைக்காரி என்பதால் பெரிய ரோட்டுக் கடையில் அவள் சொல்லுக்குக் கடன் கொடுப்பார்கள். தன் பேரில் வாங்கிவந்து மாட்டினாள்.

இங்கேதான் மேஸ்திரி தவறு செய்தார். அந்தத் தவறை வேறு தொழில்காரன் எவனாலும் செய்ய முடியாது. இந்த மெஷினுக்குப் பெட்ரோலில் கொஞ்சம் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்க வைக்கும். மேஸ்திரிக்கு அது தெரியாததல்ல. இரண்டு வருடம் கலந்துதான் ஊற்றினார். ஆனால் பதினாறாயிரத்துக்குப் பளபளவென்று ஒரு சாமான் உள்ளே உட்கார்ந்திருக்கிறதே. அதற்குப் போய்ப் புகை கக்கும் எண்ணெயை ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. தேய்ந்த சாமானுக்குத்தான் எண்ணெய், கிழவன் முட்டிக்குத்தானே தைலம், குமரனுக்கு எதற்கு என்று யோசித்தார். நல்ல சாமானுக்கு நல்ல சாப்பாடு என்று சுத்தமான பெட்ரோலை நிரப்பினார். காலையில் புகையே இல்லாமல் ஓடியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் ஒரு பெரிய மரத்தின் நடுவில் கிறீச்சென்று கத்திவிட்டு மெஷின் நின்றது.

மரத்திலிருந்து அதைப் பிடுங்கியெடுத்து நேராகப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கம்பெனி சாமான் என்று சொல்லி டூப்ளிகேட்டை மாட்டிவிட்டாள் என்று தெருவில் நின்று சொன்னார். சாதாரணமாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அக்கா டேங்க் மூடியைத் திருகித் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"எண்ணெய் வாசமே இல்லையே, மேஸ்திரி" என்றாள்.

அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆனால் வாய் அதற்கு முன்னாலேயே வெகுதூரம் போய்விட்டிருந்தது. இந்த மெஷினும் வேண்டாம், கடனுக்கு இதையே வைத்துக்கொள் என்று மேஜையில் போட்டார்.

"மெஷின் உங்களுது. கடன் என்னுது" என்றாள் அவள். "ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. மெஷின் இங்கேயே இருக்கும்."

பிறகு அவர் அந்தத் தெருவை மிதிக்கவில்லை. சில மாதம் கழித்து வட்டிக்கு வாங்கி, அதே வகையில் இன்னும் பெரிய மெஷின் எடுக்கப் போனபோது, கடையில் விற்கிற பையன் கலக்கும் விதத்தைக் காட்டினான். புதுசுக்குத்தான் எண்ணெய் இன்னும் கூட ஊற்ற வேண்டும் என்றான். மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்கே போய்ப் பணத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ஏன் கொடுக்கிறாய் என்று ஊர் கேட்கும். கொடுக்காவிட்டால் அவள் டூப்ளிகேட் விற்றவளாகவும் இவர் ஏமாந்தவராகவும் இருக்கலாம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இருப்பது ஒரு வசதி. அதற்குப் பிறகு பெரிய ரோட்டுக் கடையில்தான் எல்லாம். கேட்ட விலைக்குக் கம்பெனி செட்டு. வருடத்துக்கு ஒரு மெஷின் விலை ஸ்பேருக்கே போயிற்று. மெஷின்கள் நான்கானபோது செலவும் நான்கானது.

அவர் வீட்டுக்காரி இதை மறக்க விடவில்லை. சோறு போடும்போது சொல்வாள்:

"காசில்லாம கடன் வச்சவங்களைப் பார்த்திருக்கேன். காசைப் பெட்டியில வச்சுக்கிட்டுக் கடன் வச்சிருக்கிற ஆளை இந்த வீட்டுலதான் பார்க்கிறேன்."

ஒன்பதாவது வருடம் புயல் வந்தது. இரவெல்லாம் ஊர் ஊளையிட்டது. விடிந்து பார்த்தால் எங்கே ரோடு, எங்கே வேலி என்று தெரியவில்லை. மேஸ்திரி வீட்டு வாசலிலேயே ஒரு பெரிய மரம் குறுக்கே கிடந்தது. அவருடைய மெஷின்கள் எல்லாம் வேலை இடத்துக் கொட்டகையில் மாட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுத் தச்சர், கடகடவென்று ஆடுகிற தன் பழைய மெஷினைக் கொண்டுவந்து அரை மணி நேரத்தில் அறுத்து வழிவிட்டார். ஊருக்கே மரம் அறுக்கிறவன் வீட்டு வாசலைத் தச்சர் அறுத்துத் திறந்ததில் மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அந்த ஓட்டை மெஷின் எப்படி இந்த ஆட்டத்தோடும் இவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டார். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

ஏனென்றால் ரோட்டு அலுவலகம் மலையடிவார ரோட்டைச் சுத்தம் செய்யும் வேலையை ஏலம் விட்டது. மேஸ்திரி பிடித்தார். ஈட்டுத் தொகை பெரிது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கட்டினார். பத்து நாளில் ரோடு திறக்க வேண்டும். திறந்தால் ஈட்டுத் தொகையும் வரும், மேல்காசும் வரும். திறக்காவிட்டால் தொகை போகும், அதோடு வீடும் போகும். சின்ன மரங்களை எந்த மெஷினும் அறுக்கும். ரோட்டின் வளைவில் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டிய மரங்கள் விழுந்து கிடந்தன. அவற்றுக்கு நீளக் கத்தி போட்ட அந்தப் பெரிய மெஷின்தான் வேண்டும். அது அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

நான்காம் நாள் அது நின்றது. மச்சான்தான் அறுத்துக்கொண்டிருந்தான், மேஸ்திரி வீட்டுக்காரியின் தம்பி. உள்ளே ஒரு சின்னக் கம்பி வளையம் கழன்று சிலிண்டர் சுவரைக் கிழித்துவிட்டது. பெரிய ரோட்டுக் கடைக்கு ஓடினார்கள். புதுப் பெரிய மெஷின் ஒன்றுகூட இல்லை. புயலன்றைக்கே விற்றுத் தீர்ந்தது. சிலிண்டர் செட்டு, கம்பெனியிலிருந்து வர மூன்று வாரம். விலை இப்போது இருபத்தெட்டாயிரம், முன்பணம் முழுசும் கட்ட வேண்டும்.

"இருபத்தெட்டு கொடுத்துடறேன். நாளைக்கு வருமா?" என்று மேஸ்திரி கேட்டார். கடைக்காரர் கையை விரித்தார். ஒன்பது வருடமாக இவர் கம்பெனியை நம்பியதற்குக் கம்பெனி கொடுத்த பதில் அந்த விரித்த கைதான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த பணத்தில் பதினாறாயிரத்தை எடுத்துத் துணியில் முடிந்து அவர் மடியில் வைத்தாள். தெருவைச் சுற்றிப் போனது போதும், இனி நேராகப் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பட்டறை மாறவே இல்லை. அதே தகரக் கதவு, அதே பலகை மேஜை, பெட்ரோலும் மரத்தூளும் கலந்த அதே நெடி. மெஷினோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். புயலுக்குப் பிறகு தூங்க நேரமில்லாத புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து செயினுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. மேஸ்திரியையும் மச்சானையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மேஸ்திரி. உட்காருங்க" என்றாள், நேற்றுப் போனவர் இன்றைக்கு வந்த மாதிரி.

மேல் தட்டில் அவர் மெஷின் இருந்தது. கைப்பிடியில் அதே இரண்டு வெட்டு. ஒரு ஆணிகூடக் குறையாமல் முழுசாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேஸ்திரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்பது வருடம் ஒரு சாமானையும் தொடாமலா வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

அக்கா பெரிய மெஷினைக் கழற்றி, சிலிண்டருக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டு இழுத்தாள். இழுத்த விரல் பாதியில் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"பள்ளம்" என்றாள்.

மேஸ்திரி மேஜையருகே நெருங்கினார். ரோடு, ஈட்டுத் தொகை, பத்திரம், ஆறு நாள் எல்லாவற்றையும் சொன்னார். வேறு சிலிண்டர் இருக்குமா என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. உங்க பழைய மெஷின்ல இருந்து கழட்டினதுதான் அது. சின்னதும் பெருசும் இன்ஜின் ஒண்ணு, கத்திதான் வேற. ஆனா கொடுக்க முடியாதே" என்றவள், மேல் தட்டின் மூலையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். "இது டூப்ளிகேட்."

காத்திருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசற்படியில் அரம் நின்றது.

"எத்தனையோ பேர் கேட்டாங்க. சொந்தக்காரரே டூப்ளிகேட்னு சொன்ன சாமானை ஒரிஜினல்னு எப்படி விக்கிறது? டூப்ளிகேட்னு சொல்லி வித்தா, நான் பொய் சொன்னதா ஆகும். அதான் தூங்குது. உங்களுக்கே மாட்டினாலும் நாளைக்கு நின்னா யார் பதில் சொல்றது? சொன்ன வாய்தான் வேற சொல்லணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. எடை போடுகிறவள் தட்டைச் சரி செய்கிற மாதிரிதான் சொன்னாள். மேஸ்திரி மச்சானைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். இன்றைக்கும் அங்கே துணி உலர்ந்தது. தன் கையால் வாரி இறைத்த வார்த்தையைத் தன் கையாலேயே பொறுக்க வேண்டும். எத்தனையோ மரத்தைச் சாய்த்த மனிதருக்கு அந்தக் கணத்தில் தான் எந்தப் பக்கம் சாய்வோம் என்று தெரியவில்லை. மடியில் துணிமுடிச்சு கனத்தது. வீட்டுக்காரி அதை முடிந்த விதம் ஞாபகத்துக்கு வந்தது.

"கம்பெனி சாமான்தான்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசல் வரை கேட்கும்படி மறுபடி சொன்னார். "கம்பெனி சாமான்தான். எண்ணெய் ஊத்தாதது நான். புதுசுக்கு வேண்டாம்னு நெனச்சேன்."

காத்திருந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். வாசற்படியில் புருஷன், "நானும் ஒரு தடவை அப்படித்தான் ஊத்தினேன். இவ ஒரு மாசம் பேசல" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார்.

அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். கையுறையை மாட்டினாள். கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை எடுத்தாள். குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து, கரிபிடித்த சிலிண்டர் சுவரில் மேடு இருந்த இடத்தில் மட்டும், கண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரித் தடவினாள்.

பொசுபொசுவென்று நுரைத்தது. சாம்பல் நிறத்தில் நுரை வழிந்தது. துடைத்தாள், தடவினாள், மறுபடி துடைத்தாள். மேஸ்திரியின் மூச்சே அந்த நுரையோடு ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் நுரை குறைந்தது. கடைசியில் தடவினால் நுரைக்கவே இல்லை. தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு, தொடக்கூடாததைத் தொடாமல் அந்த ஆசிட் நின்றுகொண்டது. தண்ணீர் விட்டுக் கழுவி, சோடா மாவால் அலசி, துடைத்து, எண்ணெய் தொட்டு ஒற்றி, "பாருங்க" என்று நீட்டினாள்.

மேஸ்திரி அதைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் போட்ட மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே, தலைமுடியைவிட மெலிதாக, ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு தெரிந்தன. சுண்டுவிரல் நகத்தை விட்டு இழுத்தார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தான் செத்தது என்று வீசிய சாமான் ஒன்பது வருடமும் சாகாமல் அழுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறது. எத்தனை காட்டைப் பார்த்தவர் அவர். மலையே மேகத்துக்குள் போய்த் திரும்பி வருவதைப் பார்த்தவர். அந்த உள்ளங்கையகலக் குழலுக்குள் பார்த்தபோதுதான் கண்ணை எடுக்க மறந்தார்.

புது பிஸ்டன் ஒன்றை மாட்டி, எல்லாவற்றையும் பூட்டி, கலந்த பெட்ரோலை நிரப்பி, இழுத்துக் கிளப்பும் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தாள். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் தும்மியது. மூன்றாவதில் தெருவே அதிர உறுமியது. பின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் யாருமில்லை, இருந்தால் அன்றைக்கு எழுந்திருப்பார்கள். கணக்கை ரோடு திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் போங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

மேஸ்திரி அந்த மெஷினை வேறு ஆள் கையில் கொடுக்கவே இல்லை. வளைவில் கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தானே அறுத்தார். தூள் பனி மாதிரிப் பறந்தது. காலையில் பெட்ரோலில் எண்ணெய் கலப்பதை யாரையும் தொடவிடாமல் தானே செய்தார். ஒரு சொட்டு கூடவே விட்டிருப்பார். கெடுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் முதல் பேருந்து அந்த வளைவைத் தாண்டியது. ஓட்டிவந்தது அக்காவின் புருஷன். கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனார்.

பத்திரம் கைக்கு வந்த மறுநாள் மேஸ்திரி வீட்டுக்காரியோடு பட்டறைக்குப் போனார். நேராக, அந்தத் தெரு வழியாக. துணிமுடிச்சை மேஜையில் வைத்து, பதினாறாயிரம், அதோடு பிஸ்டனுக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று கேட்டார்.

அக்கா முடிச்சைத் தொடவில்லை. மேல் தட்டிலிருந்து அவருடைய பழைய மெஷினை இறக்கி வைத்தாள்.

"கயித்தை இழுங்க."

இழுத்தார். கயிறு எதிர்ப்பே இல்லாமல் செத்த பாம்பாகக் கையோடு வந்தது. உள்ளே திரும்பச் சுருட்டும் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது.

"இது உங்க ஸ்பிரிங் இல்ல. தீயணைப்புக்காரங்களோடது. உங்களுது அங்க போச்சு" என்றாள். மூடியைக் கழற்றினாள். மழையில் நனைந்து வெந்துபோன, பொறி தரும் மின்சுருள், லாரி ஓட்டுகிற ஒருவருடையது. பல் போன ஆயில் பம்பு, மரக்கடைக்காரருடையது. ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். அந்த மெஷினில் கைப்பிடியையும் கூட்டையும் தவிர அவருடையது ஒன்றுகூட இல்லை. முழுசாக இருந்த அந்த மெஷின் முழுக்க முழுக்க ஊராருடைய கெட்ட சாமான்.

"ஒண்ணை எடுத்தா, அந்த இடத்துல அவங்க கெட்டதை மாட்டிடுவேன். எனக்கு எழுதி வைக்கிற பழக்கமில்ல. ஒவ்வொருத்தர் சாமானும் ஒவ்வொரு விதமாத்தான் கெடும். பார்த்தாலே யாருதுன்னு தெரிஞ்சிடும்." கருகிப்போன ஒரு கிளட்ச்சைச் சுட்டினாள். "இது உங்க பக்கத்து வீட்டுத் தச்சர். விடாம அழுத்துவாரு. அவர் மெஷின்ல ஓடுறது உங்க கிளட்ச்."

மேஸ்திரி வீட்டுக்காரியைப் பார்த்தார். புயலுக்கு மறுநாள் வாசல் மரத்தை அறுத்துத் திறந்த சத்தம் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் கேட்டது. அவர் வாசலை அவர் மெஷின்தான் திறந்திருக்கிறது. இந்த ஊரில் எந்தப் பக்கம் எந்த மெஷின் உறுமினாலும் அதில் ஒரு துண்டு அவருடையதாக இருந்திருக்கிறது. அவர் காதைப் பொத்திக்கொண்டு தெருவைச் சுற்றிப் போயிருக்கிறார்.

"என் பட்டறையில செத்த மெஷினுக்கும் பங்கு உண்டு" என்றாள் அக்கா. கம்பெனி விலையில் மூன்றில் ஒன்றுக்கு விற்பாள். அதில் பாதி அவளுக்கு, பாதி மெஷின்காரருக்கு. யார் மெஷினாக இருந்தாலும் அதுதான் முறை. எல்லாம் சேர்ந்து நாற்பத்தாறாயிரத்துக்குப் போயிருந்தது. அவர் பங்கு இருபத்து மூன்று. அதில் கடன் பதினாறு ஆறாவது வருடமே கழிந்துவிட்டது.

கடனே இல்லாமல் மூன்று வருடம் சுற்றிப் போயிருக்கிறேன் என்று மேஸ்திரி முணுமுணுத்தார். வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேக்கா."

"உங்க வீட்டு வாசல்ல என் ஆள் வந்து நின்னா ஊர் என்ன நினைக்கும்? கடன் கேட்க வந்திருக்கான்னுதான். தீர்ந்துச்சுன்னு சொல்ல வந்தான்னு யார் நம்புவா?"

பிறகு வாய்விட்டே கணக்குப் போட்டாள். மிச்சம் ஏழாயிரம். பிஸ்டன் மூவாயிரத்து இருநூறு, கூலி ஆயிரத்து ஐந்நூறு. சிலிண்டர் அவருடையதே, அதற்கு விலை இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தாள்.

"கையை நீட்டுங்க" என்றாள்.

மேஸ்திரி தயங்கினார். எத்தனையோ வருடமாகக் கூலி கொடுக்கிற கை அது. மேலிருந்து கீழாகத்தான் நீண்டிருக்கிறது. அதை மல்லாக்கத் திருப்புவது எப்படி என்று அந்தக் கைக்கே மறந்திருந்தது. வீட்டுக்காரி அவர் முழங்கையை லேசாகத் தட்டினாள். கை திரும்பியது. கோடாலிக் காய்ப்பும் பெட்ரோல் கறையுமாக உள்ளங்கை விரிந்தது.

அக்கா விரலை எச்சில் தொட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஆயிரம். இரண்டாயிரம். பிறகு நூறாக, எண்ணெய் வாசம் அடிக்கும் மூன்று தாள்கள். ஒன்று, இரண்டு, மூன்று.